பைலட் ஸ்போர்ட்டா, பொடென்சாவா? முதல்ல உன்ட டயர்ர நாலு இலக்கத்தப் பாரு மச்சான்

போன மாரியில ஒரு ராத்திரி. மழை கொஞ்சம் விடட்டும் என்று கல்முனை மெயின் ரோட்டோரத் தேத்தண்ணிக் கடையொன்றில் ஆறேழு பேர் ஒதுங்கி நின்றோம். பேச்சு கிரிக்கெட்டில் தொடங்கி, அஜித்தின் கார் ரேஸுக்குப் போய், கடைசியில் டயரில் வந்து நின்றது. ஒருவன் மிச்செலின் பைலட் ஸ்போர்ட் 4 எஸ் கட்சி. எதிரில் இருந்தவன் பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா ஸ்போர்ட் கட்சி. மூன்றாவது ஆள், "ரெண்டும் சும்மா மச்சான், கொன்டினென்டல் ஸ்போர்ட்கொன்டாக்ட் 7க்குக் கிட்ட ஒண்டும் வராது" என்று ஒரு யூடியூப் வீடியோவைத் தூக்கி மேசையில் வைத்தான். அரை மணித்தியாலம் ஓடியது. சத்தம் கூடிக் கடைக்காரக் காக்காவும் எட்டிப் பார்த்தார்.

வெளியே மழையில் நனைந்துகொண்டு நின்றவை இரண்டு வேகன் ஆர், ஒரு ஆல்டோ, ஒரு ப்ரியஸ், நாலைந்து மோட்டார் சைக்கிள். நாங்கள் சண்டை பிடித்த டயர்களில் ஒன்றுகூட அந்த வாகனங்களில் ஒன்றுக்கும் பொருந்தாது.

சிரிப்புக்காகச் சொல்லவில்லை. அந்த டயர்கள் பெரும்பாலும் 17, 18, 19 அங்குல ரிம்மில் இருந்துதான் தொடங்கும். வேகன் ஆருக்குப் போடுவது 155/65 ஆர் 14. பழைய ஆல்டோவுக்கு 145/80 ஆர் 12. ப்ரியஸுக்கு 195/65 ஆர் 15. நம்மட ரோட்டில் ஓடுகிற சைஸுகளை ஒப்பிட்டு நம்மட பாஷையில் எழுதிய பத்து வரி தேடினால் கிடைப்பது கஷ்டம். எவனோ ஒருவன் ஜேர்மனியில் பிஎம்டபிள்யூவில் ஓட்டிப் பார்த்த டயரைப் பற்றி மட்டும் எங்களுக்கு எல்லாம் தெரியும்.

அந்தப் பரீட்சைகளை நான் குறை சொல்லவில்லை. ஜேர்மன் மோட்டார் கழகமான அடாக் வருஷா வருஷம் செய்கிற டயர் பரீட்சை ஒழுங்கான வேலை. ஒரே கார், ஒரே பாதை, டயரை மட்டும் மாற்றி மாற்றி ஈரத்தில் பிரேக் பிடித்து, காய்ந்த ரோட்டில் பிரேக் பிடித்து, தேய்மானத்தையும் அளந்து பார்க்கிறார்கள். டயருக்கு டயர் வித்தியாசம் இருக்கிறது, அது சின்ன வித்தியாசமும் இல்லை. ஐரோப்பிய யூனியனின் பழைய டயர் லேபிளில் ஈரப்பிடிப்புக்கு 'ஏ' எடுத்த டயருக்கும் 'எஃப்' எடுத்த டயருக்கும் இடையில், 80 கிலோமீட்டர் வேகத்தில் ஈர ரோட்டில் பிரேக் பிடித்தால் 18 மீட்டர் வரை வித்தியாசம் வரும் என்று கணக்கு. 18 மீட்டர் என்றால் நாலு கார் நீளத்துக்கு மேல். முன்னால் ஒரு ஆட்டோ நின்றால், அதற்கு முதலே நிற்கிறோமா, அதற்குள் பூந்துவிட்டு நிற்கிறோமா என்ற வித்தியாசம்.

அதனால் "டயர் எல்லாம் ஒண்டுதான், கறுப்பு வட்டம்" என்று சொல்லும் ஆள் இல்லை நான். என் பேச்சு வேறு. கடையில் நாங்கள் ஒப்பிட்டது பெயரை. டயரை ஒப்பிட வேண்டுமானால் அது எந்த ரோட்டில், எந்தச் சூட்டில், எந்தப் பாரத்தில் ஓடப் போகிறது என்ற கேள்வி முதலில் வரவேண்டும். அந்தக் கேள்வி இல்லாவிட்டால் உலகத்திலேயே நல்ல டயரும் ஆளைக் கவிழ்க்கும். அப்படிக் கவிழ்த்த கதை ஒன்று இருக்கிறது, அதில் ஒரு தமிழனும் இருக்கிறான்.

2005ஆம் ஆண்டு. ஃபோர்முலா வண்ணில் அப்போது இரண்டு டயர் கம்பனிகள் மோதிக்கொண்டிருந்தன. மிச்செலின் ஒரு பக்கம், பிரிட்ஜ்ஸ்டோன் மற்றப் பக்கம். 2001இல் மிச்செலின் திரும்பி வந்ததில் இருந்து 2006 வரை நடந்த யுத்தம் அது. 2005இல் மிச்செலின் கை நன்றாக ஓங்கியிருந்தது. அந்த வருஷம் நடந்த 19 பந்தயங்களில் 18ஐ மிச்செலின் போட்ட கார்கள்தான் வென்றன. அன்றைக்கு நம்மட தேத்தண்ணிக் கடையில் கேட்டிருந்தால் "மிச்செலின்தான், பேச்சே இல்ல" என்று முடிந்திருக்கும்.

மிச்சம் ஒரு பந்தயம் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில், ஜூன் 19. அந்தப் பாதையின் 13ஆம் வளைவு மற்ற ஃபோர்முலா வண் பாதைகளில் இருப்பதைப் போல தட்டையானது இல்லை. சாய்ந்து உயர்ந்த வளைவு. கார் முழு வேகத்தில் அதற்குள் போகும்போது டயரின் பக்கச்சுவரில் விழுகிற பாரம் வேறு விதம். வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே அந்த வளைவில் ரால்ஃப் ஷூமாக்கரின் டொயோட்டா பின் டயர் போய்ச் சுவரில் அடித்தது. மிச்செலின் தன் டயரைத் தானே சோதித்துப் பார்த்து, 13ஆம் வளைவில் வேகத்தைக் குறைக்க வழி செய்யாவிட்டால் இந்த டயர் பத்து சுற்றுக்கு மேல் நம்பத்தக்கதில்லை என்று அணிகளுக்குச் சொல்லிவிட்டது. வளைவுக்கு முன் ஒரு தடுப்பு வளைவு போடச் சொல்லிக் கேட்டார்கள். நிர்வாகம் மாட்டேன் என்றது. பந்தயத்தன்று 20 கார்களும் ஆரம்பச் சுற்றுக்குப் போயின. அது முடிந்ததும் மிச்செலின் போட்ட 14 கார்களும் வரிசையாக உள்ளே திரும்பி நின்றுவிட்டன. மிச்சம் ஆறே ஆறு கார், எல்லாம் பிரிட்ஜ்ஸ்டோன். மைக்கல் ஷூமாக்கர் வென்றார். நாலாவதாக வந்தவர் ஜோர்டன் அணியில் ஓடிய கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன். ஃபோர்முலா வண்ணில் ஒரு இந்தியர் எடுத்த முதல் புள்ளிகள் அவை.

அந்த நாலாம் இடத்தை இளக்காரமாகச் சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள். ஆறு காரில் நாலாவது என்ன பெரிய காரியம் என்பார்கள். இருக்கட்டும். நான் அதைப் பார்க்கிற விதம் வேறு. 18 பந்தயத்தில் வென்ற டயர் ஒரு வளைவுக்குப் பொருந்தவில்லை. அந்த ஒரு நாளில் அதன் மற்றப் பெருமை ஒன்றும் உதவவில்லை. டிக்கெட் வாங்கிய சனத்துக்குக் காசைத் திருப்பித் தருவதாக மிச்செலினே முன்வர வேண்டி வந்தது.

இப்போது ஃபோர்முலா வண்ணில் அந்தச் சண்டையே இல்லை. 2011 முதல் எல்லோருக்கும் பிரெல்லி மட்டும்தான். வென்றவனுக்கும் தோற்றவனுக்கும் ஒரே கம்பனி டயர். ரேஸைப் பார்த்து டயர் பிராண்ட் தெரிவு செய்கிற எங்கட பொடியன்மார் இதை ஒருக்கால் யோசிக்க வேண்டும்.

சரி, நம்மட 13ஆம் வளைவு எது?

பொத்துவிலில் இருந்து அக்கரைப்பற்று, நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று மட்டக்களப்புக்குப் போகிற ஏ4 ரோட். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வயல். கடற்கரைப் பக்கத்துக் குறுக்கு ரோட்டுகளில் எப்போதும் ஒரு படை மணல். சூடடிப்புக் காலத்தில் ரோட்டின் பாதியில் நெல் காயும். உழவு இயந்திரம் வயலில் இருந்து ஏறினால் பத்து யார்க்குச் சேறு. இரவில் நடு ரோட்டில் மாடு படுத்திருக்கும், அது எழும்பாது, நீதான் பிரேக் பிடிக்க வேண்டும். வெயில் காலத்தில் தார் கொதிக்கும். மாதக்கணக்கில் மழை இல்லாமல் எண்ணெயும் தூசும் படிந்த அந்தத் தாரில் ஐப்பசியில் விழுகிற முதல் மழை இருக்கிறதே, அதில் சறுக்காத வாகனம் குறைவு. சட்டப்படி இந்த ரோட்டில் காரின் உச்ச வேகம் ஊருக்குள் 50, வெளியே 70. பைலட் ஸ்போர்ட் 4 எஸ்ஸின் பக்கத்தில் இருக்கிற 'ஒய்' என்ற எழுத்து 300 கிலோமீட்டர் வேகத்தைத் தாங்கும் என்பதற்கு. 300இல் போனால் கல்முனையில் இருந்து அக்கரைப்பற்றுக்கு அஞ்சு ஆறு நிமிஷம். எங்கட மாடுகள் விடாது.

ஆக நமக்குத் தேவையான டயரின் குணம் ஒன்றுதான்: சூடான ரோட்டில், திடீர் ஈரத்தில், 50க்கும் 70க்கும் இடைப்பட்ட வேகத்தில் வாகனத்தை நிறுத்த வேண்டும். இதை வைத்துப் பார்த்தால் பிராண்டை விடப் பெரிய விஷயங்கள் வெளியே வரும்.

எங்கட சாச்சாவின் விட்ஸ் கதை அதுதான். ஜப்பானில் ஓடிய கார், இஞ்ச கொண்டுவந்து வித்தார்கள். டயர் நாலும் புதுசு மாதிரி ஆழமாகக் கட்டை இருந்தது. உலகத்தில் பேர்போன கம்பனி. வித்த ஆள், "ஜப்பான் ஒரிஜினல் டயர், அஞ்சு வருஷத்துக்குக் கை வைக்கத் தேவல்ல" என்று சொல்லித்தான் கொடுத்தார். சாச்சாவுக்கும் பெருமை. முதல் மாரியில் பெரியநீலாவணைப் பக்கம் ஒரு பைக்காரன் குறுக்கே வர, பிரேக் அடித்தால் கார் நிற்கவில்லை. ரோட்டை விட்டிறங்கி மண்ணில் போய்த்தான் நின்றது. அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் ஒன்றுமில்லை. பிறகு ஒரு டயர் கடைக்காரர்தான் பக்கத்தில் இருந்த எழுத்தைக் காட்டினார்: ஸ்டட்லெஸ். பனி டயர்!

ஜப்பானில் பனி கொட்டுகிற பகுதிகளில் குளிர்காலத்துக்குப் போடுகிற டயர் அது. ரப்பர் மெதுமையானது, கடுங்குளிரிலும் இறுகாமல் பனியைப் பிடிக்கிறதற்காகச் செய்தது. கட்டையில் மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். வெப்பநிலை 7 பாகைக்குக் கீழே போகும்போதுதான் அதற்கு வேலை. நம்மட 30 பாகைச் சூட்டில் அந்த ரப்பர் குழைந்துபோகும். ஈர ரோட்டில் பிரேக் பிடித்தால் சாதாரண டயரை விட நீளத்துக்கு இழுபடும். பிளிசாக், ஐஸ்கார்ட் என்று பேர் இருந்தாலும், மலையும் பனித்துளியும் போல ஒரு படம் பக்கத்தில் இருந்தாலும் அது குளிர்கால டயர்தான். கம்பனியில் ஒரு பிழையும் இல்லை. பிழை அந்த டயரை இந்தக் கரையில் ஓடவிட்டதில். நல்ல பேர், நல்ல கட்டை, வேறு ரோட். அதே இண்டியானாபொலிஸ் கதை, விட்ஸ் சைஸில்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் கார்களுக்குத் திறந்தது. இப்போது ஜப்பான் கார்கள் திரும்ப வந்து இறங்குகின்றன. லீசிங்கில் எடுக்கிற சினேகிதன்மார் இருந்தால் இந்த ஒரு எழுத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். வித்த ஆள் சொல்லமாட்டார். பல பேருக்குத் தெரியாது, தெரிந்தவர்களுக்கு வாய் வராது.

அடுத்தது வயசு. டயரின் பக்கத்தில் நாலு இலக்கம் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையில் செய்தது. ஓடாமல் கடையில் அடுக்கி வைத்திருந்தாலும் ரப்பர் இறுகும், வெடிக்கும். அஞ்சு வருஷம் தாண்டினால் வருஷத்துக்கு ஒருக்கால் தெரிந்த ஆளிடம் காட்டச் சொல்லியும், பத்து வருஷம் ஆனால் கட்டை இருந்தாலும் கழற்றச் சொல்லியும் மிச்செலின் போன்ற கம்பனிகளே சொல்கின்றன. 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360க்குப் பாய்ந்தபோது டயர் விலையும் கூடவே பாய்ந்தது ஞாபகம் இருக்கும். அப்போது "இன்னும் ஒரு பெருநாளைக்கு ஓடட்டும்" என்று விட்ட டயர்களில் சிலது இன்றைக்கும் ஓடுகிறது. அவர்களை ஏசுகிறதற்கு மனம் வரவில்லை. நாலு டயர் மாற்ற ஒரு மாதச் சம்பளம் காணாத வீடுகள்தான் இஞ்ச அதிகம்.

ஆனால் காத்து? அதற்குக் காசு இல்லை, அல்லது இல்லையென்று சொல்லலாம். பெற்றோல் ஷெட்டில் கேட்டால் அடித்துவிடுவார்கள். காத்துக்கும் சறுக்கலுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. ரோட்டில் தேங்கிய தண்ணீரின் மேல் டயர் ஏறி மிதக்கிற வேகத்துக்கு 1960களில் நாசா ஆய்வாளர்கள் விமான டயர்களை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். அந்த வேகம் காத்தழுத்தத்தின் வர்க்கமூலத்தோடு கூடிக் குறையும். 32 பிஎஸ்ஐ இருந்தால் சுமார் 94 கிலோமீட்டரில் மிதக்கும். 20க்கு இறங்கிவிட்டால் 75இலேயே மிதக்கத் தொடங்கும். கார் டயருக்கு இது மட்டுமட்டான கணக்குத்தான், கட்டையின் ஆழமும் தண்ணியின் ஆழமும் சேர்ந்து மாற்றும். ஆனாலும் பாருங்கள்: காத்து இறங்கின பொடென்சா, சட்டம் விடுகிற வேகத்துக்குக் கிட்டவே தண்ணியில் மிதக்கலாம். காத்து சரியாக உள்ள ஒரு சாதாரண டயர் அதே இடத்தில் ரோட்டைப் பிடித்திருக்கும்.

இன்னொன்று, இதைச் சொன்னால் எல்லோரும் என்னோடு சண்டைக்கு வருவார்கள். காசு இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது என்றால் புதுசைப் பின்னுக்குப் போட வேண்டும். எங்கட ஊரில் எல்லோரும் முன்னுக்குப் போடுவார்கள், "எஞ்சின் முன்னுக்குத்தானே இழுக்கிது" என்று காரணம் சொல்வார்கள். ஈரத்தில் முன் டயர் வழுக்கினால் கார் நேரே போகப் பார்க்கும், காலை எடுத்தால் திரும்பவும் பிடிக்கும். பின் டயர் வழுக்கினால் வால் சுழலும். அதை நிமிர்த்த அஜித் போல ஆள் வேணும், நீயும் நானும் இல்லை. டயர் கம்பனிகள் எல்லாம் ஒரே குரலில் சொல்கிற விஷயம் இது. தங்களுக்குள் வேறு எதிலும் அவர்கள் ஒத்துப்போவதில்லை.

ஓடுகிற வெள்ளத்துக்கு எந்த டயரும் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கிட்டங்கியிலும் மாவடிப்பள்ளியிலும் தண்ணி ரோட்டை வெட்டிப் பாயும்போது அந்தப் பெரிய உழவு இயந்திரச் சில்லே நிற்கவில்லை. 2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மதரஸாப் பிள்ளைகளுக்கு நடந்ததை நம்மட பகுதியில் ஒருவரும் மறக்கவில்லை. அங்கே கேள்வி டயர் இல்லை, திரும்பிப் போகிறதுதான்.

பிராண்டுக்கே வருவோம். எல்லாம் சரியாகப் பார்த்த பிறகு பிராண்டும் ஒரு கேள்விதான். அதிலும் ஒரு பித்தலாட்டம் இருக்கிறது. டயரின் பக்கத்தில் ட்ரெட்வெயார் 300, 400 என்று ஒரு எண் இருக்கும். கூடின எண் கூட நாள் ஓடும் என்று கடைக்காரர் சொல்வார். அந்த எண்ணைக் கொடுப்பது அந்தக் கம்பனியேதான். ஒரே கம்பனியின் இரண்டு டயரை ஒப்பிட அது உதவும். ஒரு கம்பனியின் 400ஐயும் இன்னொரு கம்பனியின் 300ஐயும் பக்கத்தில் வைத்து நாள் கணக்குப் பார்ப்பது, இரண்டு வாத்திமார் திருத்தின பேப்பரை ஒப்பிடுவது போல.

உள்ளூர் டயர் என்றால் முகத்தைச் சுளிக்கிற பழக்கமும் நமக்கு இருக்கிறது. ஆசியாவில் முதல் ரப்பர் மரங்கள் வேர் பிடித்தது 1876இல், நம்மட கம்பஹா ஹேனரத்கொடை தோட்டத்தில். களனியில் சியெட் டயர் செய்கிறார்கள், டிஎஸ்ஐ நம்மட நாட்டுக் கம்பனி. ஃபோர்க்லிஃப்ட் போன்ற வாகனங்களுக்கான திட டயரில் இலங்கை உலகம் முழுக்கப் பேர் எடுத்த நாடு. அதற்காக உள்ளூர் டயர் எல்லாம் ஜப்பான் டயரை வெல்லும் என்று நான் சத்தியம் பண்ணமாட்டேன். ஆறு மாதத்துக்கு முதல் செய்த உள்ளூர் டயரையும் ஆறு வருஷத்துக்கு முதல் செய்த ஜப்பான் டயரையும் ஒரே விலைக்கு வைத்தால் நான் எதை எடுப்பேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை, அவ்வளவுதான். பைக்குக்கும் இதே கணக்கு. ரிம்முக்குப் பொருந்தாத அகலமான பின் டயரைப் படத்துக்காகப் போடுகிறவர்கள் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும், அது நீளமான வயித்தெரிச்சல்.

இங்கே எழுதுகிற, வாசிக்கிற ஆட்களிடம் ஒன்று கேட்கிறேன். படம் பார்த்தால் விமர்சனம் எழுதுகிறோம், போன் வாங்கினால் எழுதுகிறோம். வேகன் ஆருக்கு ஒரு டயர் போட்டவன் கடையில் என்ன விலை, செய்த கிழமை என்ன, எத்தனை ஆயிரம் கிலோமீட்டரில் கட்டை எவ்வளவு மிச்சம், மாரியில் எப்படி நின்றது என்று அரைப் பக்கம் எழுதினால் அதை நான் கட்டாயம் வாசிப்பேன். அஞ்சு பேர் எழுதினால் சம்மாந்துறையில் இருந்து பொத்துவில் வரை டயர் வாங்கப் போகிறவனுக்கு அடாக்கை விட அது உதவும்.

அன்றைக்கு ராத்திரி மழை விட்டதும் பொடென்சா கட்சிக்காரன் தன்ட வேகன் ஆரடிக்குப் போனான். "எங்க, அந்த நாலு இலக்கத்தக் காட்டு" என்றான். போன் டோர்ச்சை அடித்துக் குனிந்து பார்த்தோம். முன் டயர் இரண்டும் 2021. பின் டயர் ஒன்று 2018. மற்றதில் இலக்கம் தெரியவில்லை, சேறு அப்பியிருந்தது. விரலால் துடைத்தான்.

"0914" என்றான். பிறகு, "மச்சான், இது நான் ஓ லெவல் எழுதின வருஷம்" என்றான்.